மூன்றாம் எண் தடுப்பு

ஆகஸ்ட் 2, சனி

புது நோட்டு, புதுப் பேனா. எங்கள் துறையில் எந்த வேலையை அளந்தாலும் எம்.புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். முதல் பக்கத்தில் யார், எங்கே, என்ன வேலை என்று போட வேண்டும். ஓய்வு பெற்றும் பழக்கம் விடவில்லை. பெயர்: பகவதி. வயது அறுபத்தொன்று. பொதுப்பணித் துறையில் முப்பத்து நான்கு வருடம் குளமும் கால்வாயும் பார்த்தவள், தென்காசி. இடம்: அமெரிக்காவில் ஆரிகன் மாநிலம், மகன் கோமதிநாயகத்தின் வீடு. வேலையின் பெயர்: சும்மா இருத்தல்.

சும்மா இருந்து ஒன்பது நாளாகிறது. அதற்குள் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டேன். மாடிக் கழிவறைத் தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அதையும் நிறுத்தினேன். சொட்டுச் சத்தம் காதில் விழுந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. இப்போது வீடு கப்சிப்.

மருமகள் மிருதுளா இங்கே இல்லை. சியாட்டிலில் இரண்டு மாத டிரெய்னிங்காம், ஜூலையில் போனாளாம். மாமியார் வருகிற தேதியைக் கேட்டுக்கொண்டுதான் கம்பெனிக்காரன் டிரெய்னிங் வைத்தான் போலிருக்கிறது. அக்டோபர் 19 எனக்குத் திரும்பும் விமானம். அதற்குள் அவள் வந்துவிட வேண்டும். அவளை இந்த வீட்டில் பார்க்காமல் நான் ஏறுவதாக இல்லை.

நாயகம் காலையில் “காபி குடிச்சியாம்மா”, ராத்திரி “தூங்கும்மா”. இடையில் பேச்சே கிடையாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், தொல்லை கொடுக்காத பிள்ளை.

இன்று நடந்து போனபோது, காலனிக்குப் பின்னால் இருபது நிமிட தூரத்தில் ஓர் ஓடையைப் பார்த்தேன். முழங்கால் தண்ணீர். ஏழெட்டுப் பேர் இறங்கி நின்று நட்டநடு ஓடையில் கம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன வேலை என்று கேட்டேன். பீவருக்காக என்றார்கள். சம்பளம் உண்டா என்றேன், இல்லையாம். அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பீவர் எலி ஜாதியாம். எடை இருபது கிலோ. இதைப் படித்ததிலிருந்து அரிசி மூட்டை இருக்கும் அறைக்குப் போகும்போது ஒரு தடவை எட்டிப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

போனேன். தலைவி டெனிஸ், நாற்பத்தைந்து வயதிருக்கும், உயிரியல் படித்தவள், முட்டிவரை சேறு. அவள் விளக்கியது இது. நூறு வருடம் முன்பு இந்த ஓடையில் பீவர்கள் குச்சியும் சேறும் வைத்து அணை கட்டி வாழ்ந்தன. ரோமத்துக்காகப் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். அணை போனது, தண்ணீர் வேகமெடுத்து ஓடையைக் குடைந்து பள்ளமாக்கியது, இரண்டு பக்கமும் காய்ந்தது. இப்போது கீழே ஓர் ஒற்றைக் குடும்பம் இருக்கிறது. அது மேலே ஏறி வந்து குடியிருக்க வேண்டும். அதற்காக மனிதர்கள் கம்பு அடித்து, இடையில் வில்லோக் கிளைகளைப் பின்னி, ஐந்து தடுப்புகள் கட்டியிருக்கிறார்கள். வில்லோ நம்மூர் நொச்சி மாதிரி, குச்சியை வெட்டிச் செருகினாலே துளிர்க்கிறது. கரையோரம் அதையும் நடுகிறார்கள்.

அணைக்கு ஆள் தேடி அலைகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன். நம்மூரில் குளத்துக்குள்தான் ஆள் குடியேறுவான்.

எனக்கு மூன்றாம் எண் தடுப்பு. அதைக் கட்டியவர் இப்போது வருவதில்லையாம். பக்கத்து இரண்டாம் எண் வால்ட்டுடையது. எழுபத்து நாலு வயது, தபால்காரராக இருந்தவர், வாய் ஓயாதவர். அவர் கட்டியிருப்பதைப் பார்த்தால் காக்கை கூடு கட்டப் பழகிய மாதிரி இருக்கிறது. நூறு ஓட்டை. என்னுடையதிலும் குறைச்சல் இல்லை. அளவுகோல் ஒன்று நட்டேன். நீர்மட்டம் முப்பத்தொரு சென்டிமீட்டர்.

காலுக்கு ரப்பர் பூட்ஸ் தேடினேன். சாமான் கொட்டகையில் ஒரு ஜோடி எனக்கு அளவாக இருந்தது. உள்பக்கம் மார்க்கர் பேனாவால், தமிழில், ‘மிருதுளா’ என்று எழுதியிருந்தது.

மூன்றாம் எண்ணைக் கட்டியதே அவள்தானாம். வால்ட் சொன்னார், எங்களில் கெட்டிக்காரி அவள்தான், மார்ச்சிலிருந்து காணோம் என்று. ஜூலை என்பதை மார்ச் என்கிறார். வயதாகிவிட்டது, பாவம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாயகத்திடம் கேட்டேன், மிருதுளா ஓடைக்குப் போவாளாமே, நீ சொல்லவே இல்லையே என்று. “ஆமா, கொஞ்ச நாள் போனா” என்றான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். அவனுக்கு வேலை அதிகம்.

ஆகஸ்ட் 13, புதன்

இந்த ஊர்க் களிமண் முதல் தரம். கரையில் இரண்டடி தோண்டினால் போதும், உள்ளங்கையில் உருட்டினால் வெடிக்காமல் உருளுகிறது. நேற்றும் இன்றும் காலையில் தனியாகப் போய், வைக்கோலை நறுக்கிப் போட்டு, காலால் மிதித்துக் குழைத்து, மூன்றாம் எண்ணின் மேல்பக்கம் முழுக்க அப்பினேன். நாய் கூட்டிக்கொண்டு போன ஓர் அம்மாள் நின்று பார்த்து, யோகாவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உபரித் தண்ணீர் வழிய ஓரமாகக் கல் பாவி ஒரு மறுகாலும் வைத்துவிட்டேன், வெள்ளம் வந்தாலும் கரை உடையாது. நீர்மட்டம் நாற்பத்தாறு. ஒரு சொட்டு கசிவு இல்லை. காதை வைத்துக் கேட்டேன், சத்தமே இல்லை. நாளைக்கே எக்சிகியூட்டிவ் என்ஜினீயர் வந்தாலும் காட்டலாம்.

ஆகஸ்ட் 16, சனி

டெனிஸ் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “இன்டரெஸ்டிங்” என்றாள். இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு ‘ஏன் இப்படிச் செய்தாய்’ என்று அர்த்தமாம், வால்ட் காதில் சொன்னார். கொஞ்சம் கசியட்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லி, என் களிமண்ணில் நாலு இடத்தில் விரலை விட்டு நோண்டிவிட்டுப் போனாள்.

படித்த பெண். அணை கசிய வேண்டும் என்று எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுத்தார்களோ.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நாலையும் அடைத்துவிட்டேன்.

மிருதுளாவுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. ‘மீட்டிங்கில் இருக்கேங்க அத்தை’ என்று மெசேஜ் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங் வைக்கிற கம்பெனி நன்றாக முன்னேறும்.

ஆகஸ்ட் 23, சனி

வால்ட்டின் காக்கைக் கூட்டுக்கு பீவர் வந்துவிட்டது.

மரத்தில் கட்டிய கேமராவில் பதிவாகியிருக்கிறது. விடிகிற நேரம், நல்ல கொழுத்த உருவம், வால் தோசைக் கரண்டி மாதிரி. குச்சியை வாயில் கவ்விக்கொண்டு நேரே என் தடுப்பைத் தாண்டி, ஆமாம், தாண்டி, இரண்டாம் எண்ணுக்குப் போய் ஓட்டையில் செருகுகிறது. திரும்பிப் போய்ச் சேறு கொண்டுவருகிறது. வால்ட் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார். எனக்கு இரண்டு கொடுத்தார், ஆறுதலுக்கு. சாப்பிட்டேன், ஆனால் பிடிக்கவில்லை.

நாயகத்திடம் புலம்பினேன். கேட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று, “அவளும் மொதல்ல அடைச்சாம்மா. அப்புறம் அவளே பிரிச்சு விட்டா” என்றான். யார் என்று கேட்பதற்குள் எழுந்துவிட்டான். இந்த மாதத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நாலாம் எண்ணுக்கும் போய்விட்டதாம்.

ஆகஸ்ட் 30, சனி

டெனிஸ் இன்று என்னை ஓரமாக உட்கார வைத்துப் பேசினாள். பீவர் அணையைக் கண்ணால் பார்த்துக் கட்டுவதில்லையாம். தண்ணீர் ஒழுகும் சத்தம் கேட்டால்தான் அதற்குக் கை பரபரக்குமாம். யாரோ ஒருவர் ஓடைச் சத்தத்தைப் பதிவு செய்து, காய்ந்த தரையில் ஒலிபெருக்கி வைத்துப் போட்டாராம். அது வந்து ஒலிபெருக்கி மேல் சேற்றை அள்ளிப் போட்டு மூடியதாம். நீங்கள் சத்தத்தையே நிறுத்திவிட்டீர்கள், இங்கே யாருக்கும் வேலையில்லை என்று அது நினைத்துத் தாண்டிப் போகிறது என்றாள்.

சொட்டுச் சத்தம் கேட்டால் இருப்புக் கொள்ளாத ஜீவன் உலகத்தில் இன்னொன்று இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. அதன் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

ஆனாலும் பிரித்துவிட மனசு வரவில்லை. ஓடிப்போகிற தண்ணீரை நிறுத்தத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. கரையை வெட்டிய ஆட்கள் மேல் எத்தனை புகார் எழுதியிருக்கிறேன். ஒரு தடவை மந்திரியின் சொந்தக்காரன் என்றுகூடப் பார்க்கவில்லை. இப்போது நானே போய் வெட்டுவதா.

செப்டம்பர் 4, வியாழன்

மிருதுளாவின் டிரெய்னிங்கை இன்னும் ஒரு மாதம் நீட்டித்துவிட்டார்களாம். நாயகம் ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு சொன்னான். சரி, அக்டோபர் முதல் வாரம் வந்தாலும் பதினைந்து நாள் கிடைக்கும். அவளுக்குப் பிடிக்கும் என்று மாகாளிக் கிழங்கு ஊறுகாய் கொண்டுவந்தேன். திறக்காமல் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

வில்லோக் குச்சி நாற்பது நட்டேன். வால்ட் பேச்சோடு பேச்சாக, போன வாரம் காய்கறிச் சந்தையில் மிருதுளாவைப் பார்த்ததாகச் சொன்னார். மூன்றாம் எண் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாளாம். உன் மாமியார் சிமென்ட் போல அடைத்துவிட்டார் என்று சொன்னாராம். அவள் சிரித்தாளாம், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாளாம்.

சியாட்டில் இங்கிருந்து மூன்று மணி நேரம். தக்காளி வாங்க வந்திருப்பாள். இல்லாவிட்டால் வால்ட்டுக்குக் கண்ணும் போய்விட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். நாயகம் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வால்ட்டின் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு வாரமாக எழுதவில்லை. எம்.புக்கில் அளக்காததை எழுதினாலும் குற்றம், அளந்ததை எழுதாமல் விட்டாலும் குற்றம். இரண்டாவதைச் செய்துகொண்டிருக்கிறேன். ஆகவே இப்போது எழுதுகிறேன்.

வந்த முதல் நாளே மிருதுளாவின் அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஹேங்கர்கள் மட்டும் தொங்கின. இரண்டு மாத டிரெய்னிங்குக்கு எவளும் கல்யாணப் புடவையை எடுத்துக்கொண்டு போகமாட்டாள். கதவைச் சாத்திவிட்டுக் கீழே வந்து குழாய்க்கு வாஷர் மாற்றினேன்.

இன்னொன்றும் உண்டு. அவள் என்னை மூன்று தடவை போனில் கூப்பிட்டாள். போன தீபாவளிக்கு மறுநாள் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை, பிப்ரவரிக் கடைசியில் ஒரு தடவை. மூன்று தடவையும் அழுதாள். “அவரு பேசறதே இல்லீங்க அத்தை. இன்னைக்குப் பதினோரு நாளாச்சு” என்று ஆரம்பித்தாள். அடிக்கிறானா என்று கேட்டேன். இல்லை என்றாள். குடிக்கிறானா, இல்லை. அப்புறம் என்ன, எல்லாம் சரியாயிரும், இதையெல்லாம் வெளியே சொல்லிக்கிட்டு இருக்காதே, அவன் சுபாவம் அப்படி என்றேன். ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிடத்தில் பேச்சை முடித்துவிட்டேன். முடித்த பிறகு ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்ட திருப்தியோடு போய்க் குளித்தேன். மூன்றாவது தடவை அவள் கடைசியில், சரிங்க அத்தை, இனிமே உங்களைத் தொந்தரவு பண்ணல என்றாள். நல்ல பெண், சொன்னால் கேட்டுக்கொள்கிறாள் என்று பக்கத்து வீட்டில்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

மார்ச்சில் போய்விட்டாள்.

நாயகத்தை இன்று நேராகக் கேட்டேன். தட்டில் இருந்து தலை நிமிரவில்லை. “ஆமாம்மா” என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு மோர் ஊற்றினேன்.

செப்டம்பர் 20, சனி

நீர்மட்டம் ஐம்பத்திரண்டு. எல்லோரும் போன பிறகு மூன்றாம் எண் அருகே நின்றேன். கடப்பாரை வேண்டியிருக்கவில்லை, கை போதும். நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்குக் களிமண்ணைப் பெயர்த்தேன். வெட்கமாக இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன், கரை வெட்டுகிறவன் பார்ப்பது மாதிரியே.

தண்ணீர் சத்தத்தோடு விழுந்தது. போய்விடலாம் என்று பத்தடி நடந்தேன். முடியவில்லை, திரும்பி வந்து அடைத்துவிட்டேன். கரைமேல் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டு, மறுபடி பெயர்த்தேன். இந்தத் தடவை காதைப் பொத்திக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன். அறுபத்தொரு வயதில், புடவையை முழங்கால் வரை சொருகிக்கொண்டு, பூட்ஸ் காலோடு, காதைப் பொத்தியபடி. நாய் அம்மாள் எதிரே வந்தாள். இந்தத் தடவை அவள் ஒன்றும் கேட்கவில்லை.

இதை வைத்து யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஓடை வேறு, வீடு வேறு.

செப்டம்பர் 22, திங்கள்

வரவில்லை. நீர்மட்டம் நாற்பத்து நாலு.

செப்டம்பர் 23, செவ்வாய்

வரவில்லை. முப்பத்தெட்டு. பொறுக்கவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

வந்தது!

காலையில் போனபோது ஓட்டை இருந்த இடத்தில் பட்டை உரித்த வெள்ளைக் குச்சிகள் ஏழு, குறுக்கும் நெடுக்குமாக, இடையில் சேறு. சேற்றில் கையின் பதிவு தெரிந்தது, குழந்தைக் கை மாதிரி ஐந்து விரல். தொட்டுப் பார்த்தேன், அசையவில்லை. என்னைவிட நன்றாக வைத்திருக்கிறது, அதுவும் முழுக்க அடைக்கவில்லை. கான்ட்ராக்டர் செய்திருந்தால் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

வால்ட்டுக்கு போன் செய்தேன். ஐந்து நிமிடத்தில் பிஸ்கட் டப்பாவோடு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, கை கழுவாமலே, மிருதுளாவுக்கு மெசேஜ் எழுதினேன். எழுதி, அழித்து, எழுதினேன். கடைசியில் அனுப்பியது: ‘பிப்ரவரியில் நீ சொல்ல வந்ததை நான் சொல்ல விடவில்லை. இப்போது சொல்வாயா? நடுவில் பேசமாட்டேன்.’

பதில் மறுநாள் வரும் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் வந்தது. ‘சனிக்கிழமை ஓடைக்கு வரேனுங்க அத்தை.’

செப்டம்பர் 27, சனி

மெலிந்திருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறது. முதலில் மூன்றாம் எண்ணைப் போய்ப் பார்த்தாள். என் மறுகாலைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இருவரும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம்.

ஒரு மணி நாற்பது நிமிடம் பேசினாள். நான் ‘ம்’ மட்டும் சொன்னேன். நாலு தடவை வாய் திறந்தது, நாலு தடவையும் மூடிக்கொண்டேன். நாயகம் கோபப்பட்டால் பேச்சை நிறுத்திவிடுவானாம். வருத்தம் என்றாலும் நிறுத்திவிடுவானாம், களைப்பு என்றாலும். எது எதற்கென்று கடைசி வரை தெரியாதாம். இருபத்துமூன்று நாள் ஒரே வீட்டில் ஒரு வார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறார்கள். அந்த நாட்களில்தான் ஓடைக்கு வர ஆரம்பித்தாளாம், இங்கே யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று. வால்ட்டின் அறுவையை ஒருத்தி மருந்தாகச் சாப்பிட்டிருக்கிறாள்.

“அவரு கெட்டவரில்லீங்க அத்தை. எனக்கும் தெரியும். அவங்கப்பா தவறுன அன்னைக்குக்கூட அவரு அழுகவே இல்லைன்னு கல்யாணத்தப்ப நீங்க எங்கம்மாகிட்டப் பெருமையாச் சொன்னீங்க. அன்னைக்கே எனக்கு என்னமோ போல ஆச்சு. பன்னண்டு வயசுப் பையன் எப்படீங்க அழுகாம இருப்பான்?”

நான் பூட்ஸில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினேன்.

கடைசியாக நான் ஒன்றே ஒன்று கேட்டேன், வீட்டுக்கு வருவாயா என்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இல்லீங்க அத்தை. அங்க திரும்பி வந்து இருக்க எனக்குத் தெம்பில்ல. வக்கீலுகிட்டக் கொடுத்தாச்சு. உங்ககிட்ட நேர்ல சொல்லோணும்னுதான் வந்தேன்.”

வலித்தது. பெரிதாக எழுத ஒன்றுமில்லை, நன்றாக வலித்தது. பிப்ரவரியில் மூன்று நிமிடத்துக்குப் பதிலாக ஒரு மணி நாற்பது நிமிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். ஒருவேளை இதேதான் ஆகியிருக்கும். ஆனால் அவள் தனியாக இருந்திருக்கமாட்டாள்.

அக்டோபர் 4, சனி

வில்லோ துளிர்விட்டிருக்கிறது, நாற்பதில் முப்பத்தொன்று. மிருதுளாவும் வந்திருந்தாள், வேறு பூட்ஸ் போட்டுக்கொண்டு. அவளுடையதை எனக்கே விட்டுவிட்டாளாம். டெனிஸ் எங்கள் இருவரையும் மூன்றாம் எண்ணுக்கே போட்டாள். நான் அடைக்கப் போனால் அவள் தொண்டையைக் கனைக்கிறாள்.

அக்டோபர் 11, சனி

மிருதுளா மீதிச் சாமானை எடுக்க வீட்டுக்கு வந்தாள். நாயகம் கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றான். எனக்குப் பழக்கம் என்னவென்றால், இந்த மாதிரி நேரத்தில் காபி போட்டு, பலகாரம் வைத்து, ஊர்க்கதை பேசி, யாரும் எதையும் சொல்ல இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்வேன். கல்யாண வீடு, துக்க வீடு எங்கேயும் அப்படித்தான். இன்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். நாயகம் பயந்துபோய், “எங்கம்மா போற?” என்றான். பால் வாங்க என்றேன். ஃபிரிட்ஜில் மூன்று கேன் பால் இருப்பது மூவருக்கும் தெரியும்.

காலனியை நாலு சுற்றுச் சுற்றினேன். ஐந்தாவது சுற்றில் நாய் அம்மாள் கூடச் சேர்ந்துகொண்டாள். அவள் பெயர் பாட்ரீஷியா. நாயின் பெயரையும் சொன்னாள், மறந்துவிட்டேன்.

திரும்பியபோது மிருதுளாவின் கார் கிளம்பிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கினாள். மூக்கு சிவந்திருந்தது. “பேசுனாருங்க அத்தை” என்றாள். “முடிவு மாறல. ஆனா பேசுனாரு.” ஊறுகாயை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன். எடுத்துக்கொண்டாளாம்.

உள்ளே நாயகம் சோபாவில் உட்கார்ந்திருந்தான். என்ன பேசினாய் என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது குழம்பில் உப்புக் குறைவு என்றான். குறைவுதான்.

அக்டோபர் 18, சனி

நாளை விமானம். காலையில் ஓடைக்குப் போய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். வால்ட் அழுதுவிட்டார். அணைக்கு அந்தப் பக்கம் முதல் தடவையாகத் தண்ணீர் கரையேறிப் புல்லுக்குள் பரவி நிற்கிறது. டெனிஸ் என்னைக் கட்டிப்பிடித்து, இங்கிருந்து எதையும் அடைக்காமல் போவது நீங்கள் செய்த பெரிய வேலை என்றாள். அவளும் கிண்டல் பண்ணக் கற்றுக்கொண்டாள்.

மத்தியானம் பெட்டி கட்டினோம். மூடவில்லை. நாயகம் மேலே ஏறி உட்கார்ந்தான், நான் ஜிப்பை இழுத்தேன். பாதி வரை வந்தது, அங்கே சிக்கிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்காருலே என்றேன். அவன் அழுத்தவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

“அம்மா, அப்பா செத்த அன்னைக்கு நீ என்னை வாடகை நாற்காலி எண்ணச் சொன்ன, ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவன் தூணைப் பிடித்துக்கொண்டு உதடு துடிக்க நின்றான். இப்போது இவனும் ஆரம்பித்தால் நான் உடைந்துவிடுவேன் என்று பயந்தேன். வண்டியில் நாற்காலி வந்திருக்கு, எத்தனைன்னு போய் எண்ணிட்டு வா என்று அனுப்பினேன். எண்ணிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அவன் உதடு துடிக்கவில்லை, அன்றைக்கும் சரி, இருபத்து நாலு வருடமாகவும் சரி.

பழசெல்லாம் இப்போ எதுக்குலே என்கிற வார்த்தை என் தொண்டையில் தயாராக இருந்தது. ஜிப்பை விட்டுவிட்டு, தரையில் அவன் எதிரே உட்கார்ந்தேன்.

“எத்தனை இருந்துச்சுலே?” என்றேன்.

“நாப்பத்திமூணும்மா,” என்றான். “ரெண்டு காலு உடைஞ்சது. உங்கிட்ட வந்து சொன்னேன். நீ சரி, போய்ப் பந்தல்ல போடுன்னுட்ட.”

முப்பத்தாறு வயது ஆள், பெட்டி மேல் உட்கார்ந்தபடியே, முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான். ரொம்ப நேரம் அழுதான். கொஞ்ச நேரம் கழித்து நானும் அழுதேன்.